தருமரின் தேர் தரை தொட்டதை ஏன் மறைக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் பாரதக் கதைத் தொடரில் துரோணர் வீழ்ந்த பகுதியைப் படித்தோம். துரோணரின் மகன் பெயர் அசுவத்தாமன். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று தருமர் உரக்கச் சொன்னாராம். ‘என்கிற யானை’ என்று முடிப்பதற்குள் கண்ணன் சங்கை எடுத்து ஊதிவிட்டானாம். துரோணர் காதில் பாதிதான் விழுந்ததாம். ஆகவே தருமர் பொய்யே சொல்லவில்லையாம். அடியில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வேறு: ‘வாழ்நாள் முழுதும் பொய் சொல்லாதவர் யார்?’

இந்தச் சங்கு வடமொழி மூலமான வியாச பாரதத்தில் இல்லை. பிற்காலத்தில் கதை சொன்னவர்கள் சேர்த்தது. கதை என்றால் சேர்ப்பும் கழிப்பும் இருக்கத்தான் செய்யும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தச் சங்கு ஊதப்படுவதே ஒரு குற்றத்தை இடம் மாற்றுவதற்காக. ஊதியவன் கண்ணன், பழி அவனுக்கு. தருமர் வாய் சுத்தம். மூலம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

துரோண பருவத்தில் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். போரின் 15-ஆம் நாள். துரோணர் படைத்தலைமை ஏற்று ஐந்தாவது நாள். பாஞ்சாலப் படை அவர் முன் நிற்க முடியாமல் அழிகிறது. மகன் இறந்தான் என்று கேட்டால் ஒழிய இவர் வில்லைக் கீழே வைக்கமாட்டார், யாராவது போய்ச் சொல்லுங்கள் என்கிறான் கண்ணன். அர்ஜுனனுக்கு இது பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குச் சம்மதம். தருமர் மிகுந்த சங்கடத்தோடு ஒப்புக்கொள்கிறார். உடனே பீமன் தங்கள் பக்கத்திலேயே இருந்த மாளவ அரசன் இந்திரவர்மனுடைய யானையைக் கொல்கிறான். அதன் பெயர் அசுவத்தாமன். பிறகு துரோணரிடம் போய், கொஞ்சம் கூச்சத்தோடு, ‘அசுவத்தாமன் மாண்டான்’ என்கிறான். துரோணர் ஒரு கணம் தளர்கிறார், ஆனால் நம்பவில்லை. தன் மகனின் வலிமை அவருக்குத் தெரியும். இன்னும் மூர்க்கமாகப் போரிடுகிறார்.

அதன் பிறகுதான் மகன் இறந்தது மெய்யா என்று அவர் தருமரிடம் கேட்கிறார். மூன்று உலகங்களின் ஆட்சி கிடைக்கும் என்றாலும் இவன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையில் கேட்கிறார். மாணவனாக இருந்த காலத்திலிருந்து அந்த வாயில் மெய்யை மட்டுமே எதிர்பார்த்துப் பழகியவர் அவர். பீமனின் பொய் பலிக்கவில்லை, தருமரின் சொல் பலித்தது என்றால் காரணம் இதுதான். அத்தனை ஆண்டுகள் சேர்த்து வைத்த நாணயத்தை ஒரே வாக்கியத்தில் செலவழித்தார் தருமர்.

அந்த வாக்கியத்தைச் சொல்லும் இடத்தில் மூலம் அவருடைய மனத்தை இரண்டே தொடரில் திறந்து காட்டுகிறது: பொய்க்கு அஞ்சும் அச்சத்தில் மூழ்கியிருந்தார், வெற்றியில் பற்று வைத்திருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில். ‘இறந்தான்’ என்பது தெளிவாக வந்தது. ‘யானை’ என்பதைத் தெளிவில்லாமல் சொன்னார். குரலை இறக்கியது கண்ணன் அல்ல, தருமரேதான். அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்ற அவருடைய தேர் அந்தச் சொல்லோடு மண்ணைத் தொட்டது. சங்கு ஊதியதால்தான் கேட்கவில்லை என்றால் தேர் ஏன் இறங்க வேண்டும்? சங்கைச் சேர்த்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் சங்கு வரும் கதைகளில் பெரும்பாலும் தேர் வருவதில்லை. தங்கள் தொடரிலும் வரவில்லை.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. துரோணர் இறந்த பிறகு அர்ஜுனன் அண்ணன் முகத்துக்கு நேரே பேசுகிறான். மெய்யைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு பொய்க்குள் நுழைந்தீர்கள் என்கிறான். வாலியைக் கொன்றதால் இராமனுக்கு நேர்ந்ததுபோல, இந்தப் பழி உலகத்தில் நெடுங்காலம் நிற்கும் என்கிறான். ஒரு இதிகாசத்தின் நாயகனுக்குச் சொல்லும் கண்டனத்துக்கு இன்னொரு இதிகாசத்தின் நாயகனைச் சாட்சிக்கு இழுக்கிறான் தம்பி. வீட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்தது என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து என்ன பயன்?

‘சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் உண்மைதானே’ என்று வாதாடுவோர் உண்டு. அவர்களுக்குத் தமிழிலேயே நல்ல பதில் இருக்கிறது. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் ‘பழம்பொருந்து சருக்கம்’ என்று ஒரு பகுதி வருகிறது. இது வியாசரில் இல்லாத கதை. வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ஜுனன் ஒரு நெல்லிக்கனியை எய்து வீழ்த்துகிறான். அது ஒரு முனிவருக்கு உரிய கனி. தவம் முடிந்து வந்து பார்த்தால் சாபம் நிச்சயம். கண்ணன் வந்து வழி சொல்கிறான்: நீங்கள் ஆறு பேரும் அவரவர் நெஞ்சில் உள்ளதை ஒளிக்காமல் சொன்னால் கனி கிளையில் போய்ப் பொருந்தும். திரௌபதியின் முறை வரும்போது அவள் சொல்வது, ஐம்புலன்களைப் போல ஐந்து கணவர் இருந்தும் இன்னும் ஒருவன் கணவனாக வேண்டும் என்று உருகுகிறது என் நெஞ்சம் என்பது. கனி கிளையில் பொருந்துகிறது. அந்த ஆறாமவன் யார் என்று வில்லிபுத்தூரார் பெயர் சொல்லவில்லை. வாய்மொழிக் கதைகளில் கர்ணன் என்றே சொல்லிவிடுவார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மனைவி வெளியே சொல்லக் கூடாததைச் சொல்கிறாள், பழம் மேலே போகிறது. அறத்தின் மகன் எழுத்துக்கு எழுத்து சரியான ஒன்றைச் சொல்கிறான், தேர் கீழே வருகிறது. கேட்பவனுக்கு உள்ளது போய்ச் சேர வேண்டும் என்று பேசினாயா, சேரக் கூடாது என்று பேசினாயா என்பதுதான் இரண்டு இடத்திலும் தேர்வு. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம். ‘டியூஷனுக்குப் போனேன்’ என்று சொல்லி, டியூஷன் வாசல் வரை மட்டும் போய்வந்த பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

பட்டிமன்றங்களில் இந்த இடத்துக்கு ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற குறளை (292) கேடயமாகத் தூக்குவது வழக்கம். மூலத்திலும் கண்ணன் சொல்லும் சமாதானம் கிட்டத்தட்ட இதுதான்: துரோணர் இன்னும் அரை நாள் போரிட்டால் உன் படை மிஞ்சாது, உயிர் காக்கச் சொல்லும் பொய் ஒட்டாது. ஆனால் குறள் ‘நன்மை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, ‘புரைதீர்ந்த நன்மை’ என்கிறது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு யோகத்தில் அமர்ந்த கிழவரின் தலையைப் பாஞ்சால இளவரசன் திருஷ்டத்யும்னன் சீவியதைக் குற்றமற்ற நன்மை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். 292-ஐச் சொல்பவர்கள் அடுத்த குறளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’.

இனி, தருமருக்கு வைக்கப்பட்ட மூன்று சோதனைகள். தங்கள் தொடரில் முதல் சோதனை வந்துவிட்டது, ஆனால் சோதனை நடந்த இடம் மாறிப்போய்விட்டது. தம்பிகள் நால்வரும் தண்ணீர் குடித்து மாண்டு கிடந்த நச்சுப்பொய்கைக் கரையில் யட்சன் கேட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளையே சோதனையாகக் காட்டி, விநாடி வினாப்போல அச்சிட்டிருந்தீர்கள். கேள்விகள் அழகானவைதான். ஆனால் அவை வாசல்படி. எல்லாவற்றுக்கும் விடை வந்த பிறகு யட்சன் சொல்கிறான், ‘ஒரு தம்பியைக் கேள், பிழைப்பான்’. தருமர் நகுலனைக் கேட்கிறார்.

நகுலனைக் கேட்டதன் கனம் புரிய வேண்டுமானால் நாள்கணக்கைச் சொல்லியாக வேண்டும். வனவாசத்தின் 12 ஆண்டுகள் முடிகிற தறுவாய். அடுத்து ஓராண்டு ஒளிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நாட்டைக் கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் போர். யட்சனே வாய்விட்டு வியக்கிறான்: பதினாயிரம் யானை பலம் உள்ள பீமன் கிடக்கிறான், நீங்கள் எல்லோரும் நம்பியிருக்கும் அர்ஜுனன் கிடக்கிறான், நகுலனையா கேட்கிறாய்? ‘குந்திக்கு மகனாக நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒருவன் இருக்கட்டும்’ என்கிறார் தருமர். இது ‘தம்பிமேல் அன்பு’ என்று தங்கள் தொடரில் சுருங்கியிருக்கிறது. அன்பு என்றால் நால்வர்மேலும்தான் இருக்கிறது. இது இறந்துபோன சிற்றன்னைக்குக் காட்டும் விசுவாசம். கேட்க ஆளில்லாத ஒருத்தியின் பங்கை எடுத்து வைப்பது. அதற்கு அவர் கொடுக்கத் துணிந்த விலை வரப்போகும் போரும் நாடும். விலையைச் சொல்லாமல் தேர்வை மட்டும் சொன்னால், ‘நகுலன் அழகன், அதனால் கேட்டார்’ என்றுகூட ஒரு பிள்ளை எழுதிவிடும்.

இரண்டாவது, நாய். பாண்டவர்கள் நாட்டைத் துறந்து இறுதிப் பயணம் போகும் மகாபிரஸ்தானிக பருவம். திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று ஒவ்வொருவராக வழியில் விழ, கடைசியில் தருமரும் ஒரு நாயும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இந்திரன் தேரோடு வருகிறான், நாய்க்கு இடமில்லை என்கிறான். இதில் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இந்திரனின் குறுக்குக் கேள்வி: தம்பிகளையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டு வந்த உனக்கு ஒரு நாயை விட முடியாதா? தருமர் தடுமாறவில்லை. செத்தவர்களோடு நட்பும் இல்லை, பகையும் இல்லை. அவர்களை எழுப்ப என்னால் முடியவில்லை. உயிரோடு இருக்கும்போது நான் யாரையும் விடவில்லை. அடைக்கலம் புகுந்தவனைக் கைவிடுவது, பெண் கொலை, அந்தணர் பொருளைத் திருடுவது, நண்பனுக்குத் துரோகம் ஆகிய நான்கும் சேர்ந்தால் என்னவோ, அன்பு வைத்த ஒன்றை விடுவது அதற்குச் சமம் என்கிறார். நாய் தருமரின் தந்தையான தருமதேவனாக மாறுகிறது. இங்கே கதை முடிந்துவிட்டது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடக் கூடாத இடம் இது. அடுத்த பருவமான சுவர்க்காரோகணத்தில், உள்ளே போன தருமர் முதலில் பார்ப்பது துரியோதனனை. ஜொலிக்கும் ஆசனத்தில் வீற்றிருக்கிறான். தம்பிகளைக் காணோம், கர்ணனைக் காணோம். ‘அவர்கள் இருக்குமிடமே எனக்குச் சுவர்க்கம், அங்கே கொண்டு போங்கள்’ என்கிறார். தேவதூதன் ஒருவன் முன்னே நடக்கிறான். இருட்டு, நாற்றம், குருதிச் சேறு, கொதிக்கும் ஆறு, வாள்போன்ற இலைகள் உள்ள காடு. தாங்க முடியாமல் தருமர் திரும்புகிறார். ஆம், முதலில் அவர் திரும்பத்தான் செய்கிறார். இதையும் மூலம் மறைக்கவில்லை. அப்போது குரல்கள் வருகின்றன: கொஞ்சம் நில், உன்மேல் பட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது. யார் நீங்கள் என்று கேட்கிறார். நான் கர்ணன், நான் பீமன், நான் அர்ஜுனன், நான் நகுலன், நான் சகாதேவன், நான் திரௌபதி என்று இருட்டிலிருந்து பதில் வருகிறது. தேவர்களையும் தருமத்தையுமே நிந்தித்துவிட்டு, தூதனிடம் சொல்கிறார்: ‘நீ போ. நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்.’

ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். அதற்குள் இந்திரனும் தேவர்களும் அங்கு வருகிறார்கள், நரகம் கலைந்துபோகிறது. தருமதேவன் தன் வாயாலேயே கணக்கைச் சொல்கிறான்: துவைத வனத்தில் அரணிக்கட்டையை (தீக்கடையும் கட்டையை) நீ தேடி வந்தபோது யட்சனாக ஒரு முறை உன்னைச் சோதித்தேன், நாயாக வந்து மறுபடி சோதித்தேன், இது மூன்றாவது. ஆக மூன்றும் ஒரே பாடத்தில் வைத்த தேர்வு. தன்னை நம்பியவரை விடுவானா, மாட்டானா என்பதே கேள்வி. மூன்றிலும் தருமர் தேறினார்.

ஆனால் அதே இடத்தில் இந்திரன் சொல்வது இன்னொன்று. மகன் விஷயத்தில் துரோணரை ஒரு பாவனையால் ஏமாற்றினாய். அதனால் உனக்கும் பாவனையாகவே நரகம் காட்டப்பட்டது. 15-ஆம் நாள் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு சொல்லுக்கு இங்கே தண்டனை. அந்தத் தேர்வை யாரும் அறிவித்து வைக்கவில்லை. யட்சன் இல்லை, நாய் இல்லை, மாறுவேடத்தில் தேவன் இல்லை; எதிரே நின்றது நம்பிக் கேட்ட ஒரு கிழவர் மட்டும். அரிச்சந்திரன் கதையில் விசுவாமித்திரர் தேர்வாளராக உட்கார்ந்திருக்கிறார், இழந்ததெல்லாம் கடைசியில் திரும்பி வருகிறது. துரோணர் திரும்பி வரவில்லை.

தமிழில் இந்த மூன்றாம் சோதனை அதிகம் தெரியாமல் போனதற்குக் காரணமும் இருக்கிறது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் நின்றுவிடுகிறது. விட்ட பருவங்களை 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பாடி நிறைவு செய்தார் என்றாலும், வில்லியைப் போல அது மக்கள் வாயில் புழங்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதமும் படுகளத்தில் துரியோதனன் வீழ்ந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்து, தீமிதியோடு நிறைந்துவிடும். விழாவுக்கு அது பொருத்தமான முடிவுதான். ஆனால் துரோணரிடம் சொன்ன சொல்லுக்கு இந்திரன் தரும் தீர்ப்பு அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது. இடையில் சங்கும் சேர்ந்துகொண்டால் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை என்றாகிவிடுகிறது.

கர்ணனைப் பற்றி ஒரு குறிப்பு. அடுத்த வாரங்களில் அவன் வரப்போகிறான் என்பதால் சொல்கிறோம். ‘செஞ்சோற்றுக் கடன்’ என்ற ஒரே சொல்லில் அவனை அடைத்துவிட வேண்டாம். தன் மனைவியின் மேகலை மணிகள் கர்ணன் முன் சிதறியபோது துரியோதனன் சந்தேகப்படாமல் கேட்ட ‘எடுக்கவோ கோக்கவோ’ காட்சி எல்லோருக்கும் தெரிந்தது, வில்லிபாரதம் தந்த கொடை. அதில் விசுவாசமாக இருப்பவன் துரியோதனன், கர்ணன் அதைப் பெற்றவன். கர்ணனுடைய விசுவாசத்துக்குச் சோதனை உத்தியோக பருவத்தில் கண்ணன் தேரில் நடக்கிறது. நீ குந்தியின் மூத்த மகன், வா, முடி உனக்கு என்கிறான் கண்ணன். கர்ணன் மறுப்பது மட்டும் செய்தியல்ல. இந்த உண்மையைத் தருமனிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொள்கிறான். தெரிந்தால் அவன் நாட்டை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்கிறான். எதிரியின் குணத்தையும் தன் குணத்தையும் இத்தனை நேராக எடைபோட்டவன் பாரதத்தில் வேறு யாருமில்லை. அதே பேச்சில், துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் பேசியதற்கு இன்று வருந்துகிறேன் என்றும் சொல்கிறான். விசுவாசத்தின் பெயரால் செய்த தவற்றை விசுவாசத்தை விடாமலே ஒப்புக்கொள்கிறான். கொடை வள்ளல் பட்டத்தைவிட இது பிள்ளைகள் அறிய வேண்டியது.

ஆகவே எங்கள் வேண்டுகோள். துரோணர் பகுதிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சங்கை எடுத்துவிட்டுத் தேரை வையுங்கள், நான்கு வரி போதும். ஓவியருக்கும் ஒரு சொல்: நான்கு விரல் என்றால் ஏறக்குறைய மூன்று அங்குலம், மேகத்தில் பறக்க வேண்டியதில்லை. 16-ஆம் நாள் முதல் சக்கரம் மண்ணில் பட்டே இருக்க வேண்டும். தொடரை நாயோடு முடிக்காமல் இன்னும் ஒரு வாரம் நீட்டுங்கள். நரகக் காட்சி சிறுவர்களுக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தால் குருதிச் சேற்றையும் வாளிலைக் காட்டையும் தாராளமாக வெட்டலாம். இருட்டு ஒன்றே போதும். வெட்டக் கூடாதவை மூன்று: தருமர் முதலில் திரும்பியது, குரல்கள் பெயர் சொன்னது, இந்திரன் துரோணரின் பெயரைச் சொன்னது. பயிற்சிக் கேள்வி போடுவதானால், ‘யானை என்பதைத் தருமர் ஏன் தெளிவில்லாமல் சொன்னார்?’ என்று கேளுங்கள். விடையைத் தலைகீழாக அச்சிட வேண்டாம். வீட்டில் பெரியவர்களோடு பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
பாரதம் படிக்கும் வாசகர்கள் சிலர்